பதினைந்து கட்டிலுக்கு வெளியே

(பழையசீவரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

கிராம மருத்துவத்தையும் மருத்துவக் கல்வியையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அதற்குத் தமிழ்நாட்டில் இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. பாலத்தைத் தாண்டினால் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற அந்தக் கரையில், அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், ஒரு மருத்துவமனையின் ஓராண்டுச் செலவுக் கணக்கு கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. பொங்கலை ஒட்டி வரும் பார்வேட்டைத் திருவிழாவுக்கு நீங்கள் ஆற்றைக் கடந்து போகிறீர்கள். அந்தச் சுவரை ஒட்டித்தான் நடந்திருப்பீர்கள். அடுத்த முறை போகும்போது சற்று நின்று பாருங்கள்.

அது வீரராசேந்திர சோழனின் 6-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, ஏறத்தாழ கி.பி. 1068. கே.வி. சுப்பிரமணிய ஐயர் அதை எபிகிராபியா இண்டிகாவின் 21-ஆம் தொகுதியில் பதிப்பித்தார். கோயிலைச் சேர்ந்த சனநாத மண்டபத்தில் ஒரு பள்ளி நடந்தது. இருக்கு வேதமும் யசுர் வேதமும் இலக்கணமும் அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். மாணவர்களுக்கு உணவும் விடுதியும் உண்டு. அதே அறத்தின் கீழ் ஓர் ஆதுலர்சாலையும், அதாவது மருத்துவமனையும், நடந்தது. அதற்கு வீரசோழன் என்று பெயர். 15 நோயாளிகள் படுத்திருந்து சிகிச்சை பெற அதில் இடம் இருந்தது.

என்னை மிகவும் கவர்ந்தது அங்கே யார் யார் வேலை பார்த்தார்கள் என்ற பட்டியல். மருத்துவர் ஒருவர், ஆலப்பாக்கத்துக் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்று பெயரோடு குறித்திருக்கிறார்கள். அவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல், 8 காசு. சல்லியக்கிரியை, அதாவது அறுவை வேலை, செய்ய ஒருவர். மூலிகை பறித்து வரவும் விறகு கொண்டுவரவும் மருந்து காய்ச்சவும் இருவர். அவர்களுக்குச் சேர்த்து 60 கலம் நெல், 2 காசு. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் இருவர். சேர்த்து 30 கலம் நெல், 1 காசு. பிறகு ஒரு நாவிதர், தண்ணீர் கொண்டுவர ஓர் ஆள். நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. இரவில் எரிய விளக்குக்கு எண்ணெய். ஓராண்டுக்கு இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளையும் பெயர் பெயராகச் சொல்கிறது கல்வெட்டு: வாசாஹரீதகி, தசமூல ஹரீதகி, கல்யாண லவணம், பழைய நெய்யான புராண கிருதம் என்று இருபதையொட்டி வரும்.

மருத்துவமனை நடத்தியவர்களுக்குத்தான் இந்தப் பட்டியலின் அருமை தெரியும். மருத்துவர் மட்டும் இருந்தால் மருத்துவமனை ஆகாது என்று இதை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. தண்ணீர் எடுத்து வருபவரையும் விறகு கொண்டுவருபவரையும் இரவு விளக்கையும் மறக்காத நிர்வாகம் அது. இன்று ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை தீர்ந்து போவதும், ராத்திரி மின்சாரம் போய் ஜெனரேட்டருக்கு டீசல் இல்லாமல் இருப்பதும் சிறிய விஷயங்கள் என்று நினைக்கிற அதிகாரி எவராவது இருந்தால் அவரைத் திருமுக்கூடலுக்கு அழைத்துப்போக வேண்டும்.

ஆனால் பெருமைப்படுவதோடு நிறுத்திவிட எனக்கு மனம் இல்லை. ஒரு மருத்துவ ஆசிரியனாக அந்தச் சுவரின் முன் நிற்கும்போது எனக்கு மூன்று கேள்விகள் எழுகின்றன.

அந்த 15 கட்டில்களும் யாருக்கு? மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும். ஆற்றில் வலை போட்டவருக்கு, வயலில் நாற்று நட்டவருக்கு, வெளியே சேரியில் இருந்தவருக்கு அந்தக் கல்வெட்டில் இடம் இல்லை. அடுத்து, நோயாளியோடு இரவும் பகலும் இருந்த பெண்ணுக்கு ஆளுக்கு 15 கலம். மருத்துவர் பெற்ற நெல்லில் ஆறில் ஒரு பங்கு. பராமரிப்பவரின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடும் பழக்கம் அப்போதே கல்லில் ஏறிவிட்டது. அது இன்னும் இறங்கவில்லை. மூன்றாவது, பள்ளியும் மருத்துவமனையும் ஒரே அறத்தின் கீழ் இருந்தும், அங்கே யாரும் மருத்துவம் படித்ததாகக் கல்வெட்டு சொல்லவில்லை. மாணவர்கள் அங்கே நோயாளிகளாக மட்டுமே இருந்தார்கள். ஐம்பது ஆண்டு கழித்து, 1121-ல், விக்கிரம சோழன் காலத்தில் திருவாவடுதுறையில் சரக சம்ஹிதையும் அஷ்டாங்க ஹிருதயமும் படிப்பவர்களுக்கு உணவளிக்க நிவந்தம் வைத்த கல்வெட்டு கிடைக்கிறது. படிப்பு ஓரிடம், சிகிச்சை வேறோரிடம்.

கட்டிலுக்கு வெளியே இருப்பவர், பராமரிக்கிறவர், படிக்கிற மாணவர் — இந்த மூவரையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்த்ததுதான் நல்ல கிராம மருத்துவர்கள் செய்த வேலை. அப்படிச் சேர்த்தவர்களிடமிருந்துதான் அடுத்த கிராம மருத்துவர்கள் உருவானார்கள். இன்று நான் சொல்ல வந்தது இதுதான். கிராம மருத்துவம் புத்தகத்தின் வழியாகப் பரவியதில்லை; ஆள் வழியாகத்தான் பரவியிருக்கிறது.

வேலூர் ஐடா ஸ்கடரின் கதை உங்களுக்குத் தெரிந்ததே. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கர்ப்பிணிகள் ஆண் மருத்துவரைப் பார்க்க அனுமதியில்லாமல் இறந்ததைக் கண்ட பெண், மருத்துவம் படித்துத் திரும்பி வந்தார். 1900-ல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். அந்தக் கதையின் முதல் பாதியைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு முக்கியம் பின்பாதி. கட்டிடம் வளர்ந்துகொண்டிருந்தபோதே அவர் சாலையோரத்தில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்த்தார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கியபோது அந்த மாணவிகளையும் சாலையோர வைத்தியத்துக்கு அழைத்துப்போனார். மருத்துவமனைக்கு வர முடியாத நோயாளியை மாணவி முதலாண்டுகளிலேயே பார்த்தாள். இன்றும் வேலூர்க் கல்லூரியில் மாணவர்கள் படிப்பின் தொடக்கத்திலேயே கிராமத்தில் போய்த் தங்கிப் பழகும் ஏற்பாடு இருக்கிறது. அங்கே படித்த ரஜனிகாந்த் ஆரோலேயும் மேபெல் ஆரோலேயும் 1970-ல் மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடுக்குப் போனார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கிராமப் பெண்களை, அவர்களில் பலர் தலித் பெண்கள், ஊர் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றினார்கள். பிரசவம் பார்க்கவும், வயிற்றுப்போக்கில் குழந்தைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கவும், தொழுநோயை ஆரம்பத்திலேயே அடையாளம் காணவும் அந்தப் பெண்கள் கற்றார்கள். பிறகு உலகின் பல நாடுகளிலிருந்து மருத்துவர்கள் ஜாம்கேடுக்கு வந்து அந்தப் பெண்களிடம் பாடம் கேட்டார்கள்.

இப்போது நம் நாட்டு மருத்துவர் ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். மருத்துவ மாணவர்களில் பலருக்கு இந்தப் பெயர் தெரியாமல் போனது எனக்கு வருத்தம். டாக்டர் டி.எஸ். சௌந்தரம்.

1904-ல் பிறந்தவர். டி.வி.எஸ். நிறுவனத்தை உருவாக்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். சின்ன வயதிலேயே திருமணம் ஆனது. கணவர் சௌந்தரராஜன் மருத்துவர். பிளேக் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்யும்போது அந்த நோய் அவருக்கே தொற்றி இறந்துபோனார். தன் மனைவி விதவையாக மூலையில் முடங்கக் கூடாது, மருத்துவம் படிக்க வேண்டும், மறுமணமும் செய்துகொள்ள வேண்டும் என்று சாவதற்கு முன் கேட்டுக்கொண்டாராம். நூறாண்டுக்கு முந்தைய வைணவப் பிராமணக் குடும்பம் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்தச் சொல்லை நிறைவேற்ற சௌந்தரம் தில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரிக்குப் போனார். 1936-ல் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. 1940-ல் காந்தியத் தொண்டர் ஜி. ராமச்சந்திரனை மணந்தார்.

மதுரையிலோ சென்னையிலோ அவர் ஒரு பெரிய நர்சிங் ஹோம் வைத்திருக்கலாம். பணம், குடும்பப் பெயர், தில்லிப் படிப்பு எல்லாமே இருந்தன. கஸ்தூர்பா நினைவு அறக்கட்டளையின் தமிழ்நாட்டுப் பொறுப்பை ஏற்று, 1947-ல் சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார். சின்னாளப்பட்டி தறி ஊர். காஞ்சிபுரம் நெசவாளர் வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு அந்த ஊரையும் தெரியும்: குழிக்குள் கால் வைத்து நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும் உடம்பு, ஒரே அறையில் தறியும் அடுப்பும் கைக்குழந்தையும், பிரசவத்துக்கு இரண்டு நாள் முன்பு வரை பாவுக்கு நூல் சுற்றும் பெண். அங்கே மிகச் சிறிய பிரசவ விடுதியாகத் தொடங்கியதுதான் இன்று கஸ்தூர்பா மருத்துவமனையாக நிற்கிறது.

கட்டிடம் எழுப்பியவர்கள் பலர். சௌந்தரம் அம்மையார் கூடவே பயிற்சியை வைத்தார். மருத்துவச்சிகளும் துணைச் செவிலியர்களும் கிராமசேவிகைகளும் அங்கேயே பயிற்சி பெற்றார்கள். 1959-ல் ஆத்தூர் வட்டாரத்தில் முன்னோடிச் சுகாதாரத் திட்டம் தொடங்கியது. சேலம் மாவட்டத்து ஆத்தூர் என்று மயங்க வேண்டாம், இது திண்டுக்கல் பக்கத்து ஆத்தூர். கழிப்பறை, குடிநீர், தாய்சேய் நலம், குடும்ப நலம் இவற்றைத் தனித்தனித் துறைகளாகப் பிரிக்காமல் ஒரே பணியாளர் குழு வீடு வீடாகப் போய்ச் செய்தால் என்ன ஆகும் என்று அங்கே பார்த்தார்கள். 1964-ல் கிராமிய சுகாதாரம், குடும்ப நலத்துக்கான நிறுவனம் உருவானது. செவிலியர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களைப் பயிற்றுவதும் அந்த நிறுவனத்தின் வேலைகளில் ஒன்று. ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுக்க ஒரு கிராமத்தைத் தேர்ந்தெடுத்த துணிச்சலை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் பிரசவம் பார்த்த செவிலியர்களுக்குப் பாடம் நடத்தியவர்கள் அந்தப் புழுதியில் நடந்து பயின்றவர்கள்.

சௌந்தரம் 1962 முதல் 1967 வரை மத்தியக் கல்வித் துறைத் துணை அமைச்சராகவும் இருந்தார். அமைச்சர் பதவி முடிந்ததும் காந்திகிராமத்துக்கே திரும்பினார். 1984-ல் மறைந்தார்.

காந்திகிராம மருத்துவமனையில் பின்னாளில் வேலை பார்த்த இளம் மருத்துவத் தம்பதி ரெஜி ஜார்ஜும் லலிதாவும். அங்கே பார்த்ததை மனத்தில் வைத்துக்கொண்டு 1993-ல் தருமபுரி மாவட்டத்தின் சித்திலிங்கிப் பள்ளத்தாக்குக்குப் போனார்கள். மலையாளிப் பழங்குடி மக்களும் லம்பாடி மக்களும் வாழும் இடம். அங்குள்ளவர்களே கட்டிக்கொடுத்த ஓர் ஓலைக் குடிசைதான் முதல் மருத்துவமனை. அப்போது அங்கே பிறக்கும் 1000 குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. அந்த மலைப் பெண்களையே தேர்ந்தெடுத்துச் செவிலியர்களாகவும் ஊர் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றினார்கள். குழந்தை இறப்பு அந்த எண்ணிக்கையின் சிறு பங்காகக் குறைந்தது. பிளேக்கில் இறந்த ஒரு மருத்துவரின் கடைசி விருப்பத்திலிருந்து சித்திலிங்கி வரைக்கும் ஒரு வழித்தடம் போகிறது. எந்தப் பாடத்திட்டமும் அதைப் போடவில்லை.

நம் பகுதியையும் சொல்ல வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரியில் புகழ்பெற்ற பேராசிரியராக இருந்த டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958-ல் தன்னார்வ சுகாதாரப் பணி என்ற வி.எச்.எஸ். நிறுவனத்தைத் தொடங்கினார். குடும்ப வருமானத்துக்கு ஏற்ற ஆண்டுச் சந்தா. அதைச் செலுத்தினால் குடும்பம் முழுவதற்கும் மருத்துவப் பாதுகாப்பு. இந்தியாவில் காப்பீடு என்ற பேச்சு பரவுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பு அவர் இதைச் செய்தார். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமங்களில் அவர் நிறுவிய சிறு சுகாதார மையங்களில் முழுநேரப் பணியாளர்கள் ஊர்க்காரர்கள். மருத்துவர் குறிப்பிட்ட நேரத்தில் வந்துபோவார். மருத்துவர் இல்லாத நேரத்திலும் மையம் உயிரோடு இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. பின்னர் அரசும் அந்த மாதிரியை எடுத்துக்கொண்டது.

இவர்கள் செய்ததை அரசு அறியாமல் இல்லை. 1946-ல் வந்த போர் குழுவின் அறிக்கை மருத்துவ மாணவர்கள் சமூக மருத்துவர்களாக உருவாக வேண்டும் என்று சொன்னது. அந்தக் குழுவில் நம் ஏ. லட்சுமணசுவாமி முதலியாரும் உறுப்பினர். 1977-ல் மருத்துவக் கல்லூரிகளைக் கிராமங்களோடு இணைக்க ஒரு திட்டம் வந்தது. கல்லூரிகளுக்குப் பெரிய வேன்கள் வந்தன. பல கல்லூரிகளில் அவை ஷெட்டிலேயே துருப்பிடித்தன. இப்போது ஒவ்வொரு மாணவரும் சில குடும்பங்களைத் தத்தெடுத்துப் படிப்பு முழுவதும் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் விதித்திருக்கிறது. நல்ல விதி. ஆனால் பேருந்தில் ஐம்பது மாணவர்கள் இறங்கி, தெருவில் ஒரு மணி நேரம் படிவம் நிரப்பி, குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டால் அந்தக் குடும்பம் எதையும் பெறவில்லை, மாணவரும் எதையும் கற்கவில்லை. வீட்டுக்காரருக்கு அன்றைய கூலி போனதுதான் மிச்சம்.

கிராமத்தில் எதைக் கற்கலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். பாம்புக்கடி. சோழர் காலக் கல்வெட்டுகளில் வைத்திய போகத்தோடு விஷஹர போகம் என்று தனியே நிலமானியம் வருகிறது; விஷம் இறக்குபவருக்கான மானியம். நெல் விளையும் மண்ணில் அது அவ்வளவு தேவையாக இருந்திருக்கிறது. இன்றும் அறுவடைக் காலத்தில் இரவு பத்து மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒருவர் வருகிறார், காலில் கடிவாய். கடித்தது கண்ணாடி விரியனா, சாரையா, அவருக்குத் தெரியாது. இங்கே பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து அசைக்காமல் 20 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு குழாயைச் சாய்த்துப் பார்த்தால் ரத்தம் உறைந்திருக்கிறதா, தண்ணீராக ஓடுகிறதா என்பது தெரிந்துவிடும். ஓடினால் விரியன் விஷம் உடம்பில் ஏறியிருக்கிறது. விஷமுறிவு மருந்தை உடனே தொடங்க வேண்டும், 108-க்காகக் காத்திருக்கக் கூடாது. கட்டுவிரியன் என்றால் ரத்தம் உறையும், ஆனால் கண்ணிமை தொங்கத் தொடங்கும். அதையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மாநகர மருத்துவமனையில் இந்த நோயாளியை மாணவர் பார்க்கும்போது கையில் ஏற்கெனவே ஊசி, பக்கத்தில் மூன்று முதுநிலை மருத்துவர்கள். முடிவெடுக்கும் அந்த 20 நிமிடத்தை அவர் ஒருபோதும் பார்ப்பதில்லை. அந்த 20 நிமிடத்தில் பயப்படாமல் இருக்கக் கற்பதுதான் கிராம மருத்துவக் கல்வி.

அந்த மருந்து எங்கிருந்து வருகிறது என்பதும் பாடத்தில் சேர வேண்டும். மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் 1978-ல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் விஷத்திலிருந்துதான் இந்நாட்டின் விஷமுறிவு மருந்தில் பெரும்பகுதி தயாராகிறது. அந்த மக்களில் இருவருக்கு, வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும், 2023-ல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. இந்தியா முழுவதும் உயிர் காக்கும் மருந்துக்கு மூலப்பொருள் தரும் இருளர் சமூகத்தில் ஒரு குழந்தைக்குச் சாதிச் சான்றிதழோ ஆதாரோ இல்லாமல் அரசு மருத்துவமனை வாசலில் தடுமாறுகிற நிலை இருக்கும்வரை நம் கணக்கு சரியாக இல்லை.

இன்று 15 கட்டிலுக்கு வெளியே இருப்பவர் யார் என்று கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர்கள் அவர்கள். அடுத்து, இந்தப் பக்கத்துக் கல்குவாரிகளிலும் கிரஷர்களிலும் செங்கல் சூளைகளிலும் வேலை பார்க்கும் வெளிமாநிலத்துக் குடும்பங்கள். கிரஷர் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் படிந்து தழும்பேறும். எக்ஸ்ரேயில் அது காசநோய் போலவே தெரியலாம். அதோடு சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோயும் எளிதாக வரும். சளியில் கிருமி இல்லாதபோதும் எக்ஸ்ரேயை மட்டும் நம்பி காசநோய் மாத்திரை தொடர்ந்தால் ஆறு மாதம் கழித்தும் அந்தத் தொழிலாளிக்கு மூச்சு வாங்கும். சரியான நோயைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: "எங்கே வேலை பார்க்கிறீர்கள்?" அந்தக் கேள்வியை இந்தியிலோ ஒடியாவிலோ கேட்கத் தெரிந்த பணியாளர் வேண்டும். நம் கிராமப் பதிவேட்டில் அந்தத் தொழிலாளியின் பெயர் வேண்டும். சூளையில் பிறந்த குழந்தை அடுத்த மழைக்காலத்தில் ஒடிசாவுக்குப் போய்விடும். தடுப்பூசி அட்டையில் பாதிக் கட்டங்கள் காலியாக இருக்கும்.

பதிவேடு என்றதும் கிராம சுகாதாரச் செவிலியர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் பேறுகால இறப்பு 2018–20 கணக்கெடுப்பில் ஒரு லட்சம் உயிருடன் பிறந்த குழந்தைகளுக்கு 54. இந்திய சராசரி 97. இதற்கு 1939-லேயே வந்த மதராஸ் பொது சுகாதாரச் சட்டம், தனியாக இயங்கும் பொது சுகாதாரத் துறை, மூன்று செவிலியர்களோடு இரவும் பகலும் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையம், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டம் என்று பல காரணம் சொல்வார்கள். எல்லாம் உண்மை. ஆனால் எந்த வீட்டில் யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று முதலில் அறிகிறவர் கிராம சுகாதாரச் செவிலியர். ரத்த சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்திவிடாதே என்று முன்கூட்டியே சொல்லி வைப்பவரும் அவர்தான்.

என்னோடு ஒரு ஹவுஸ் சர்ஜன் கிராமப் பணியில் இருந்தார். ரத்த அழுத்தம் குறையாத ஒரு மூதாட்டிக்கு மாத்திரையை மாற்றிப் பார்த்தார், கூட்டிப் பார்த்தார். குறையவில்லை. மூன்றாவது மாத்திரை எழுதப் போகும் சமயத்தில் அங்கிருந்த செவிலியர், "சார், அந்த ஆயா ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் போடுறாங்க. பாதியைத் தாத்தாவுக்குக் கொடுத்துடுறாங்க. தாத்தா இங்க வர மாட்டேங்கிறாரு" என்றார். அந்த இளம் மருத்துவர் மறுநாள் தாத்தாவின் வீட்டுக்கே போய் அவருக்கும் பரிசோதனை செய்து சீட்டு எழுதினார். அடுத்த மாதம் இருவருக்கும் அழுத்தம் கட்டுக்குள் வந்தது. அன்று அந்த வீட்டில் பேராசிரியர் யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வீடு தேடி மாத்திரை கொடுக்கிறது என்றால், அந்தத் தாத்தாக்களுக்காகத்தான். அதில் வீடு வீடாக நடக்கும் பெண் தன்னார்வலர்களுக்குக் கிடைக்கும் தொகை, திருமுக்கூடலின் 15 கலத்தை விட்டு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று நாம் நேர்மையாகக் கேட்க வேண்டும். போதாது. அவர்களுக்கு முறையான ஊதியம் வேண்டும்.

மருத்துவர்கள் கிராமத்தில் தங்குவதில்லை என்று குறை சொல்கிறோம். எது தங்க வைக்கும் என்பது ஓரளவு தெரிந்த விஷயம். உலக சுகாதார நிறுவனம் 2010-ல் வெளியிட்ட பரிந்துரையில் முதலில் வருவது, கிராமப் பின்னணி உள்ள மாணவர்களைச் சேருங்கள் என்பது. தமிழ்நாடு 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீதம் ஒதுக்கியதை நான் கிராம மருத்துவத்துக்கான முதலீடாகப் பார்க்கிறேன். அதே போல, கிராமங்களில் பணிபுரியும் அரசு மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் 50 சதவீத இடம் கொடுத்து வந்தது நம் மாநிலம். இடையில் அது தடைபட்டபோது ஆரம்ப சுகாதார நிலையங்களில் இளம் மருத்துவர்களின் முகம் வாடியதை நான் பார்த்தேன். 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டைத் தரும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. மகப்பேறு, மயக்கவியல், குழந்தை நலம் படித்து வட்டார மருத்துவமனைக்குத் திரும்பிய பலர் இந்த வழியாக வந்தவர்கள். உத்திரமேரூர் போன்ற ஊரில் நள்ளிரவில் சிசேரியன் நடக்க வேண்டுமானால் மயக்க மருந்து கொடுப்பவர் அந்த ஊரில் தூங்க வேண்டும்.

அறக்கட்டளைக் குழுவிடம் ஒரு வேண்டுகோளோடு முடித்துக்கொள்கிறேன். சொற்பொழிவுகளுக்குச் செலவிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வட்டித் தொகையில் ஒரு பங்கை ஆண்டுக்கு இரண்டு மருத்துவ மாணவர்களுக்கு ஒதுக்குங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி பக்கத்தில்தான் இருக்கிறது. கல்லூரியின் அனுமதியோடு, விடுமுறையில் நான்கு வாரம் அவர்கள் இந்த ஊரிலேயே தங்கட்டும். யாராவது ஒரு வீட்டு மாடியில் அறை கொடுங்கள். முதல் வாரம் அவர்கள் மருந்து எழுத வேண்டாம், செவிலியரோடு நடக்கட்டும். இரண்டாம் வாரம் ஒரு கிரஷரும் ஒரு செங்கல் சூளையும் இருளர் குடியிருப்பும். மூன்றாம் வாரம் சுகாதார நிலையத்தில் இரவுப் பணி. நான்காம் வாரம், பார்த்ததில் ஒன்றைச் சரிசெய்ய முயலட்டும்: ஒரு தாத்தாவின் மாத்திரை, ஒரு குழந்தையின் தடுப்பூசி அட்டை, ஒரு தெருவின் குடிநீர்த் தொட்டி. அவர்களை அழைத்துச் செல்லும் கிராம சுகாதாரச் செவிலியருக்கு ஆசிரியர் என்று எழுதி, கௌரவமான தொகை கொடுங்கள். மாணவர்களின் சான்றிதழில் அவர் கையெழுத்து இருக்கட்டும். முதல் ஆண்டு வரும் இருவரோடும் நான்கு வாரமும் இங்கே வந்து தங்க நான் தயார். எப்போது தொடங்கலாம் என்று இன்றே சொல்லுங்கள்.